நோல் மாளிகைக்கு ஒரு செட்டில்மென்ட் பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த புத்தகக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வெட்டிப் போடுவதென்றால் தயவுசெய்து வால் பக்கமாக வெட்டுங்கள்.

சரித்திரம், மாயம், கொஞ்சம் குறும்பு, நடுவில் இரண்டு பெண்களின் காதல். இந்த வகை நாவல்கள் இப்போது வெளிநாட்டில் வரிசை கட்டி வருகின்றனவாம். பஞ்சுமிட்டாய் மாதிரி வாயில் வைத்ததும் கரைந்துவிடுமாம், கனமே கிடையாதாம். இந்த வகைக்கு மூத்த நூலைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது ஒரே வரி: ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் தன் தோழியை வைத்து விளையாட்டாக எழுதிய ஆர்லாண்டோ. அவ்வளவுதான். அடுத்த வரியில் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியில் எனக்கு இரண்டு வார்த்தைகளோடு சண்டை. ஒன்று 'விளையாட்டாக'. இன்னொன்று 'தோழி'.

நான் இலக்கியம் போதித்தவள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் சார்பதிவாளர் அலுவலகங்களில் குப்பை கொட்டியவள். கிரையம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் என்று என் கையில் போன பத்திரங்களுக்குக் கணக்கில்லை. தபாலில் ஆங்கில பி.ஏ. படித்தேன், பதவி உயர்வுக்காக. இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது என் அண்ணன் மகள். "அத்தை, படிச்சுப் பாருங்க. இது உங்க டிபார்ட்மென்ட் கதை" என்றாள். அட்டையில் மீசையில்லாத ஒரு பிரபுவின் படம். எங்கள் டிபார்ட்மென்டுக்கும் இந்தப் பிரபுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. பாதிக்கு மேல்தான் அவள் சொன்னது விளங்கியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் ஆர்லாண்டோ பதினாறு வயதுப் பிரபு வீட்டுப் பையன். கவிதைப் பைத்தியம். ராணிக்குச் செல்லம். அடுத்து ஜேம்ஸ் ராஜா காலத்தில் லண்டனில் மகா பனி. பறவைகள் பறக்கும்போதே உறைந்து கல் மாதிரி விழுகின்றன. தேம்ஸ் ஆறு முழுக்க உறைந்து கிடக்க, கண்ணாடி போன்ற பனிக்கு அடியில் ஒரு பழக்காரக் கிழவி, மடி நிறைய ஆப்பிளோடு, வியாபாரத்துக்குக் கிளம்பிய கோலத்திலேயே ஆற்றின் அடியில் உட்கார்ந்திருக்கிறாள். அரசவைக் கூட்டம் அவளை எட்டிப் பார்த்துவிட்டு நடனமாடப் போகிறது. அந்தப் பனியில் சறுக்கிக்கொண்டு ஓர் உருவம் வருகிறது. ஆணா பெண்ணா தெரியவில்லை. தெரிவதற்கு முன்பே ஆர்லாண்டோ மனதைக் கொடுத்துவிடுகிறான். அவள் சாஷா, மாஸ்கோவிலிருந்து வந்த இளவரசி. பனி உருகும் இரவில் கப்பலேறி ஏமாற்றிவிட்டுப் போகிறாள்.

பிறகு துருக்கியின் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராகப் போகிற ஆர்லாண்டோ, அங்கே ஏழு நாள் தொடர்ந்து தூங்கி எழுந்திருக்கும்போது பெண்ணாக இருக்கிறாள். அதற்கு ஒரு அழுகை இல்லை, அலறல் இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறாள். முந்நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்து, முப்பத்தாறு வயதில் 1928இல் கார் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகிறாள்.

ஆமாம், விளையாட்டுதான். எழுதியவரே அப்படித்தான் ஆரம்பித்தார். 1927 மார்ச்சில் தன் நாட்குறிப்பில், கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு குறும்பு வேண்டும், ஒரு கூத்து வேண்டும் என்று எழுதிக்கொள்கிறார். அதே பக்கத்தில், பெண்ணுக்குப் பெண் மேல் வரும் காதலை ஜாடையாகக் காட்ட வேண்டும் என்றும் ஒரு குறிப்பு உண்டு. கட்டுரையாளர் முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டார்.

அவர் 'தோழி' என்று சொன்ன பெண்ணின் பெயர் வீட்டா சாக்வில்-வெஸ்ட். 1892இல் கென்ட் பகுதியில், செவன்ஓக்ஸ் ஊரை ஒட்டிய நோல் மாளிகையில் பிறந்தவர். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை அறை, எத்தனை வாரமோ அத்தனை மாடிப்படி, கிழமைக்கு ஒன்றாக ஏழு முற்றம் என்று அந்த மாளிகையைப் பற்றிச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் உண்டோ என்னவோ, நாவலில் ஆர்லாண்டோவின் வீட்டுக்கும் 365 படுக்கையறை, 52 மாடிப்படி. 1603 முதல் அந்த வீடு சாக்வில் குடும்பத்தின் கையில் இருந்தது. வீட்டா ஒரே பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை. அப்பாவுக்குப் பின் வீடும் பட்டமும் ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்பது சின்ன வயதிலேயே அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அறையிலும் ஓடி விளையாடிய வீடு, ஒரு நாள் தன்னுடையது இல்லை என்றாகிவிடும்.

இந்த இடத்தில் என் கதையை நாலு வரி சொல்லிக்கொள்கிறேன். 1986இல் எங்கள் கிராமத்து வீட்டுக்கும் இரண்டு மா நிலத்துக்கும் நானும் அக்காவும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை, நாலாயிரம் ரூபாய். யாரும் மிரட்டவில்லை, அம்மா மட்டும் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அண்ணன் நல்ல மனுஷர். ஆனால் அந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல் உண்டு, அதன் மேல் ஏறி நின்றால் கோயில் கோபுரம் தெரியும். அந்தக் கல் என்னுடையது என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் கழித்து 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு என்று சட்டம் வந்தபோது, அதன் நகலை அலுவலகத்தில் கோப்பில் வைத்தது நான்தான். புத்தகம் கொடுத்தவள் அந்த அண்ணனின் மகள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். குறும்புக்காரி.

வீட்டாவும் வர்ஜீனியாவும் சந்தித்தது 1922 டிசம்பரில், ஒரு விருந்தில். இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டாவின் கணவர் ஹரால்டு நிக்கல்சன் வெளியுறவுத் துறைக்காரர். கல்யாணமான புதிதில் அவர் வேலை பார்த்தது கான்ஸ்டான்டிநோபிளில், வீட்டாவும் அங்கே குடும்பம் நடத்தியிருக்கிறார். நாவலில் ஆர்லாண்டோ அங்கே போவது சும்மா இல்லை. சாஷாவும் சும்மா இல்லை. வயலெட் என்ற பெண்ணோடு வீட்டா 1920இல் பிரான்சுக்கு ஓடிப் போனார். இரண்டு பேரின் கணவர்களும் சேர்ந்து ஒரு குட்டி விமானத்தில் பறந்து போய் ஆமியான் நகரத்தில் பிடித்தார்கள். இதை ஒரு சினிமாவில் வைத்தால் நாம் நம்புவோமா? அந்த வயலெட்தான் சாஷா.

1927 அக்டோபரில் வர்ஜீனியா வீட்டாவுக்குக் கடிதம் எழுதி, உன்னைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப் போகிறேன், சம்மதமா என்று கேட்கிறார். வீட்டா சம்மதிக்கிறார், சந்தோஷமும் பயமுமாக. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது, 1928 ஜனவரி 28 அன்று, வீட்டாவின் அப்பா காலமானார். எதிர்பார்த்தபடியே நோல் சித்தப்பாவுக்குப் போனது. நாவல் மார்ச் 17, சனிக்கிழமை முடிந்தது. மூன்று நாள் கழித்து வர்ஜீனியா எழுதிய கடிதத்தில், சனிக்கிழமை ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கழுத்து முறிகிற மாதிரி உனக்கு ஓர் இழுப்பு தெரிந்ததா, அப்போதுதான் அவன் இறந்தான் என்ற பொருளில் ஒரு செல்லக் கேள்வி. தோழிகள் இப்படியும் எழுதிக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சரி, எங்கள் டிபார்ட்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்ணாக மாறிய ஆர்லாண்டோ இங்கிலாந்து வந்து இறங்கியதும் அவள் மேல் வழக்குகள் காத்திருக்கின்றன. முதல் வாதம், அவள் செத்துப் போய்விட்டாள், எனவே சொத்து வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, அவள் ஒரு பெண், அதுவும் ஏறக்குறைய செத்ததற்குச் சமம்தான். மூன்றாவது, அவள் ஆணாக இருந்தபோது ரோசினா பெப்பிட்டா என்ற நடனக்காரியைக் கல்யாணம் செய்து மூன்று மகன்களைப் பெற்ற பிரபு, இப்போது அந்த மகன்கள் சொத்து கேட்கிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து வீட்டம்மா என்னவோ என்று எட்டிப் பார்த்தார். இரண்டாவது வாதத்தை வேறு வார்த்தைகளில் எத்தனை பத்திரத்தில் படித்திருக்கிறேன்! நகைச்சுவை என்று நினைத்து அண்ணன் மகளுக்குப் போன் போட்டபோதுதான் சொன்னாள், பெப்பிட்டா கற்பனை இல்லை. வீட்டாவின் சொந்தப் பாட்டி பெயர் பெப்பிட்டா. ஸ்பெயின் நாட்டு நடனக்காரி. தாத்தா அவளை முறைப்படி கல்யாணம் செய்தாரா இல்லையா என்று நோல் வாரிசுரிமைக்காக 1910இல் லண்டன் நீதிமன்றத்தில் நிஜமாகவே வழக்கு நடந்தது. தொடுத்தவர் வீட்டாவின் தாய்மாமன். குடும்பத்தின் பழைய புண்ணை எடுத்து, கிச்சுக்கிச்சு மூட்டி, அதே குடும்பத்துப் பெண்ணின் கையில் கொடுக்கிறார் வர்ஜீனியா.

நாவலில் வழக்கு நூறு வருஷத்துக்கு மேல் இழுக்கிறது. கடைசியில் விக்டோரியா ராணி காலத்தில் தீர்ப்பு: ஆர்லாண்டோ சந்தேகத்துக்கு இடமின்றிப் பெண், பெப்பிட்டாவோடு நடந்த துருக்கிக் கல்யாணம் செல்லாது, வீடு அவளுக்கே. கோர்ட் செலவில் கையிருப்பு கரைந்துவிட்டது என்று ஒரு வரியும் உண்டு. எங்கள் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அந்த வரியை வாசித்துக் காட்டலாம்.

சட்டம் வீட்டாவுக்குக் கொடுக்காத வீட்டை வர்ஜீனியா எழுதிக் கொடுத்தார். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. என் கண்ணுக்கு இந்தப் புத்தகம் ஒரு செட்டில்மென்ட் பத்திரம் மாதிரியே இருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் பெயர் அட்டையில், எழுதி வாங்குபவர் பெயர் சமர்ப்பணப் பக்கத்தில். சொத்து விவரம் உள்ளே, அறை எத்தனை படி எத்தனை என்ற கணக்கோடு. செக்குபந்திக்கு, அதாவது நாலு பக்க எல்லை விவரத்துக்குப் பதில் குன்றின் மேல் ஓர் ஓக் மரம். பத்திரம் தேதியில் ஆரம்பிக்கும், இந்த நாவல் தேதியில் முடிகிறது: 1928 அக்டோபர் 11, வியாழக்கிழமை, நள்ளிரவின் பன்னிரண்டாவது மணியோசை. வர்ஜீனியாவும் கணவர் லெனார்டும் நடத்திய ஹோகார்த் பிரஸ் புத்தகத்தை வெளியிட்டதும் அதே அக்டோபர் 11தான். எழுதிய தேதியும் பதிவான தேதியும் ஒன்று. கையெழுத்துப் பிரதியைத் தோலில் கட்டி வீட்டாவுக்கே கொடுத்தார் வர்ஜீனியா. மூலப் பத்திரம்! அது இன்றைக்கு நோல் மாளிகையிலேயே இருக்கிறது. வீட்டாவால் திரும்பிப் போக முடியாத வீட்டுக்குள் அவர் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

கிரையப் பத்திரத்தில் 'ரொக்கம் பெற்றுக்கொண்டு' என்று வரும். அடமானத்தில் வட்டி வரும். செட்டில்மென்டில் பணம் கைமாறாது, ஆகவே ஏன் கொடுக்கிறேன் என்பதற்கு வேறு காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைப் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்." அரசாங்க முத்திரை குத்துகிற தாளில் அன்பு, பிரியம் என்ற வார்த்தைகளுக்கு இடமிருக்கிற இடம் இது.

'தோழி'க்கு வருகிறேன். 2008 வாக்கில் என்று நினைவு. இரண்டு ஓய்வுபெற்ற டீச்சர்கள் வந்தார்கள். ஒருவர் தலைமையாசிரியையாக இருந்தவர், வெள்ளைக் காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். மற்றவர் தையல் டீச்சர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். வீடு பெரிய டீச்சர் பெயரில். அதைத் தையல் டீச்சருக்கு செட்டில்மென்ட் எழுத வந்திருந்தார்கள். குடும்பத்தார் என்றால் முத்திரைத் தீர்வை சொற்பம். வெளியாள் என்றால் கிரையத்துக்கு உள்ளபடி முழுசாகக் கட்ட வேண்டும். உறவுமுறை என்ன என்று கேட்டாக வேண்டும், கேட்டது நான்தான்.

பெரிய டீச்சர் கொஞ்சம் யோசித்தார். தையல் டீச்சர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கூட வந்த பத்திர எழுத்தர் குனிந்து, "உறவுன்னு ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம் டீச்சர், தீர்வை குறையும்" என்றார். "இல்லாத உறவை எழுதிப் பதிவு பண்ண வேண்டாம்ப்பா. இருக்கிறதுக்கு என்ன பேர்னு உங்க ஃபாரத்துல இருக்கா?" என்று கேட்டார் பெரிய டீச்சர், என்னைப் பார்த்து. இல்லை. கடைசியில் 'தோழி' என்றுதான் எழுதினோம். தீர்வை முழுவதும் கட்டினார்கள். நாலு நாள் கழித்து பத்திரம் வாங்க வந்தபோது, ஒரு டப்பாவில் ரவா லாடு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார் தையல் டீச்சர்.

அவர்கள் யார், அவர்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் வேறு வார்த்தை கிடைக்காதபோதும், உண்மையை எழுத விடாதபோதும் வந்து உட்கார்கிற வார்த்தை 'தோழி' என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வீட்டா விஷயத்தில் வேறு வார்த்தை இல்லாமல் இல்லை. கடிதங்கள் அச்சாகி எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. வீட்டாவின் மகனே இந்த நாவலை இலக்கியத்திலேயே மிக நீண்ட காதல் கடிதம் என்று சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளை சொன்ன பிறகு உங்கள் கட்டுரையாளருக்கு என்ன கூச்சம்?

'விளையாட்டாக' என்ற வார்த்தைக்கும் பதில் பாக்கி இருக்கிறது. அதே 1928இல், இதற்கு இரண்டரை மாதம் முன்னால், ராட்க்ளிஃப் ஹால் என்ற எழுத்தாளர் இதே பொருளில் ஒரு நாவல் கொண்டுவந்தார், கண்ணீரும் கெஞ்சலுமாக. ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுப்பதைவிட விஷக் குப்பியைக் கொடுப்பேன் என்று ஒரு லண்டன் ஞாயிறு பத்திரிகையின் ஆசிரியர் ஆகஸ்டில் எழுதினார். (உங்களுக்கு முன்னோடிகள் இப்படியும் இருந்திருக்கிறார்கள்.) நவம்பர் 9 அன்று வழக்கு. சாட்சி சொல்லத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தவர்களில் வர்ஜீனியாவும் ஒருவர். நீதிபதி அந்தச் சாட்சிகளைக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை அழிக்க உத்தரவானது. அந்த நேரத்தில் ஆர்லாண்டோ கடைகளில் ஜோராக விற்றுக்கொண்டிருந்தது. முதல் ஆறு மாதத்தில் இங்கிலாந்தில் மட்டும் 8,104 பிரதிகள். ஆண் உடையில் ராத்திரி லண்டனில் சுற்றி, ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், நானும் பெண்தான் என்று ஆர்லாண்டோ சொல்ல அவள் வாய்விட்டுச் சிரிக்கிற காட்சியெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போகிறவளைச் சுங்கச்சாவடியில் யார் சோதனை போடுகிறார்கள்?

உருமாறும் காட்சியிலேயே அந்தக் கிண்டல் இருக்கிறது. தூய்மை, கற்பு, அடக்கம் என்று மூன்று சீமாட்டிகள் வந்து, தூங்குகிற ஆர்லாண்டோவை முக்காடு போட்டு மூடப் பார்க்கிறார்கள். எக்காளங்கள் முழங்கி அவர்களை விரட்டுகின்றன. நமக்கு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலு. கூடுதலாக ஒரு எக்காளம் வேண்டியிருக்கும்.

எழுந்திருப்பவள் பெண் என்று சொன்னதும், இனி வழக்கத்துக்காக அவன் என்பதை அவள் என்று மாற்றிக்கொள்வோம் என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். ஆங்கிலத்தில் அது சுலபம். பக்கத்து வீட்டம்மாவுக்காக அந்தப் பக்கத்தை ஒரு நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்தேன். படுத்தான், தூங்கினான், எழுந்தாள், பார்த்தாள், குளிக்கப் போனாள். ஒவ்வொரு வினைக்கும் வாலில் 'ன்' போய் 'ள்' வந்து நின்றது. வேறு ஒன்றும் மாறவில்லை. எங்கே மாற்றுவது என்று தெரியாமல் நடுவில் 'அவர்' போட்டுப் பார்த்தேன், கலெக்டர் ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. துருக்கி மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தானாம். ஆர்லாண்டோ சரியான ஊரில்தான் தூங்கியிருக்கிறாள்.

புத்தகத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. முதல் பக்கத்திலேயே, உத்தரத்தில் தொங்கவிட்ட ஓர் ஆப்பிரிக்கரின் வெட்டுண்ட தலையை வாளால் தட்டி விளையாடுகிறான் பையன். மூதாதையர் வெட்டிக் கொண்டுவந்ததாம். பிரபு குல வீரத்தைக் கேலி செய்கிறார் என்று அண்ணன் மகள் சொல்கிறாள். இருக்கலாம், எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. நாடோடிகளோடு மலையில் திரியும் பகுதியும் இழுவை. ஆனால் 365 படுக்கையறை என்று ஆர்லாண்டோ பெருமையடிக்கும்போது, நாடோடிக் கிழவர் அவளுக்காக வெட்கப்பட்டு, பரவாயில்லை விடு என்று ஆறுதல் சொல்லும் இடம் மட்டும் அருமை. கடைசியில் ஆர்லாண்டோ ஷெல்மர்டின் என்ற மாலுமியைக் கட்டிக்கொள்கிறாளே, பிறகென்ன பெண் காதல் என்று சிலர் கேட்கலாம். நீ பெண்தானே என்று அவள் அவனையும், நீ ஆண்தானே என்று அவன் அவளையும் சந்தேகப்படுகிற கல்யாணம் அது. வீட்டா ஹரால்டு கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான், சந்தோஷமாகவே இருந்தது.

புத்தகம் விற்ற காசில் வர்ஜீனியா தன் கிராமத்து வீட்டோடு சேர்த்து 1929இல் அறை கட்டிக்கொண்டார். வீட்டா 1930இல் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்ற இடிந்த கோட்டையை விலைக்கு வாங்கித் தோட்டம் போட்டார். அது கிரையப் பத்திரம், வீட்டாவின் சொந்தக் காசு, யார் வாரிசு என்ற கேள்வி இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த நூலைப் பற்றித் தனியாக அரைப் பக்கம் போடுங்கள். வீட்டாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் என்ன உறவு என்று எழுதும் இடத்தில் உள்ளதை எழுதுங்கள். பத்திரிகைக்கு முத்திரைத் தீர்வை கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்,
கும்பகோணம்.
(பெயர் போட வேண்டாம். அண்ணன் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)

பி.கு.: கட்டுரையோடு வீட்டா என்று குறிப்பிட்டுப் போட்டிருந்த படம் வீட்டா இல்லை. அது 1992இல் வந்த ஆர்லாண்டோ திரைப்படத்தில் நடித்த டில்டா ஸ்விண்டன். வீட்டாவின் படம் வேண்டுமென்றால் நாவலிலேயே மூன்று இருக்கிறது, மூன்றிலும் கீழே ஆர்லாண்டோ என்றுதான் போட்டிருக்கும்.